கணவரின் தம்பி காரில் தூங்குகிறார்: சர்ச் நடத்தும் பகல் நிலையத்துக்கு அனுப்பலாமா?

கேள்வி:

லண்டனின் வடமேற்குப் பகுதியில் பிள்ளைகளோடு வசிக்கிறோம். என் கணவரின் தம்பிக்கு 41 வயது. இலங்கையில் போர் முடிந்த அடுத்த வருடம் இங்கே வந்தார். அகதி அந்தஸ்து கிடைத்து, பிறகு நிரந்தர வதிவிடமும் கிடைத்தது. மது விற்கும் ஒரு ஓஃப் லைசன்ஸ் கடையில் வேலை செய்துகொண்டு, கடைக்கு மேலே இருந்த அறையிலேயே தங்கியிருந்தார். கடை கைமாறியதும் வேலையும் போய்விட்டது, அறையும் போய்விட்டது. ஏழு மாதம் எங்கள் வீட்டு சோபாவில் படுத்தார். குடி கூடியது. ஒருநாள் என் கணவரோடு பெரிய சண்டை பிடித்துக்கொண்டு வெளியே போனவர், இப்போது தன் காரில் தூங்குகிறார். பக்கத்தில் வீடில்லாதவர்களுக்காக ஒரு சர்ச் நடத்தும் பகல் நிலையம் இருக்கிறது. சாப்பாடு, குளியல் எல்லாம் உண்டாம். நாங்கள் சைவ சமயம். "அங்கே போனால் மதம் மாற்றிவிடுவார்கள் அண்ணி, நான் பிச்சைக்காரனும் இல்லை" என்கிறார். விசாவுக்கு ஏதும் பிரச்சினை வருமோ என்று எனக்குப் பயம். அங்கே அனுப்பலாமா? கணவருக்குத் தெரியாமல் நான் கூட்டிக்கொண்டு போவது சரியா?

பதில்:

அன்புள்ள சகோதரி,

தாராளமாக அனுப்பலாம். முடிந்தால் முதல் நாள் நீங்களும் கூடப் போங்கள். ஆனால் சாப்பாட்டுக்காகவும் குளியலுக்காகவும் மட்டும் அவரைக் கூட்டிக்கொண்டு போகிறோம் என்று நினைக்க வேண்டாம். ஒரு வேளைச் சாப்பாட்டை நீங்களே கொண்டுபோய்க் கொடுக்கிறீர்கள் என்று நினைக்கிறேன். அவரிடம் இப்போது இல்லாதவை கடிதம் வந்துசேர ஒரு முகவரியும், அவருடைய விஷயத்தைக் கையில் எடுத்துக் கவுன்சிலோடு, அதாவது உள்ளூராட்சி அலுவலகத்தோடு, மல்லுக்கட்ட ஒரு ஆளும். இந்த நிலையங்களின் உண்மையான பெறுமதி அங்கேதான் இருக்கிறது. வெளியில் இருந்து பார்ப்பவர்களுக்கு சூப்பும் பாணும் மட்டும்தான் கண்ணில் படும்.

முதலில் மதம். இந்த நாட்டில் வீடில்லாதவர்களுக்கான வேலையைத் தொடங்கிவைத்தவர்களில் பெரும்பகுதி சர்ச்காரர்கள்தான். கிழக்கு லண்டனின் வைட்சப்பல் மிஷன் 1876இல் ஆரம்பித்தது. இன்றைக்கும் அங்கே காலைச் சாப்பாடு போடுகிறார்கள். டிரஃபல்கர் சதுக்கத்தில் உள்ள செயின்ட் மார்ட்டின் தேவாலயத்துக்கு 1914இல் குருவாக வந்த டிக் ஷெப்பர்ட், முதலாம் உலகப் போருக்குப் போய்வந்த சிப்பாய்கள் ஒதுங்குவதற்காகத் தேவாலயத்தின் நிலவறையைத் திறந்துவிட்டார். அந்த வழியில் வந்ததுதான் அதை ஒட்டி இன்று நடக்கும் 'கனெக்ஷன்' நிலையம். விக்டோரியாவில் இருக்கும் 'பாஸேஜ்' 1980இல் கர்தினால் பசில் ஹ்யூமும் கன்னியாஸ்திரிகளும் சேர்ந்து தொடங்கியது. பசித்தவனுக்குக் கொடுத்ததை எனக்கே கொடுத்தீர்கள் என்று இயேசு சொல்வதாக மத்தேயு 25ஆம் அதிகாரத்தில் வருகிறது. அவர்கள் இந்த வேலையைச் செய்வதற்கு அது காரணம். வருகிறவரும் அதை நம்பினால்தான் தேத்தண்ணி என்று யாரும் சொல்வதில்லை. பெரும்பாலான இடங்களில், எந்த மதத்தவரும் மதமே இல்லாதவரும் வரலாம் என்று கதவிலேயே எழுதி ஒட்டியிருப்பார்கள்.

சுவரில் ஒரு சிலுவை இருக்கும். சில இடங்களில் சாப்பாட்டுக்கு முன் சின்னதாக ஒரு செபம் சொல்வார்கள். கதைக்க விரும்புகிறவர்களுக்கு ஒரு குருவானவர் கிழமையில் ஒருநாள் வந்து ஓர் ஓரமாக உட்கார்ந்திருப்பார். விரும்பாதவர் அந்தப் பக்கம் போகத் தேவையில்லை. மரக்கறிச் சாப்பாடு வேண்டுமென்றால் கேட்டால் கொடுப்பார்கள். கேட்பதில் கூச்சம் வேண்டாம், முஸ்லிம்கள் ஹலால் கேட்பது அங்கே அன்றாடம் நடக்கிற விஷயம்.

ஒரு இடத்தில் மட்டும் கவனமாக இருங்கள். உங்கள் மைத்துனருக்குக் குடிப் பழக்கம் இருப்பதால், யாராவது ஒருவர் கிறிஸ்தவ அமைப்புகள் நடத்தும் தங்கி மீளும் மறுவாழ்வு இல்லங்களைப் பற்றிச் சொல்லக்கூடும். அவை வேறு. அவற்றில் சிலவற்றில் காலை வழிபாடும் வேத வாசிப்பும் அன்றாட ஒழுங்கின் பகுதி, அதை ஏற்றுக்கொண்டால்தான் இடம். அதனால் மீண்டவர்களும் இருக்கிறார்கள், அதைக் குறை சொல்லவில்லை. ஆனால் கையெழுத்துப் போடுவதற்கு முன் என்னென்ன கட்டாயம் என்று அவர் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். பகல் நிலையத்தில் அப்படியான எந்த ஒப்பந்தமும் கிடையாது. வருவார், போவார்.

என் அபிப்பிராயத்தைக் கேட்டால், அவருடைய பயம் மதம் இல்லை. சமயம்தான் தடை என்றால் கோயில் அன்னதானத்துக்குப் போகலாமே? லண்டனில் நம் கோயில்கள் பலவற்றில் சாப்பாடு கிடைக்கிறது. அவர் போக மாட்டார். அங்கே வரிசையில் நிற்கும்போது ஊர்க்காரர் ஒருவர் வந்து "தம்பி, இப்ப எங்க இருக்கிறீர்? அண்ணா சுகமா?" என்று கேட்டுவிடுவார், அது உங்கள் வீட்டுக்கும் வந்துவிடும், பிறகு ஊருக்கும் போய்விடும். நம் ஆட்கள் தெருவில் படுப்பது வெளியே தெரியாமல் இருப்பதற்கு இது பெரிய காரணம். கார், கடையின் பின்னறை, இரவு முழுக்க ஓடும் பஸ், நண்பரின் சோபா என்று மாறிமாறிக் காலத்தைக் கடத்துகிறார்கள். அப்படிப் பார்த்தால், தன்னை யாருக்கும் தெரியாத ஒரு சர்ச் மண்டபம் அவருக்கு வசதியான இடம். இதை அவரிடம் நேராகவே சொல்லிப் பாருங்கள். "உங்களை அங்கே ஒருத்தருக்கும் தெரியாது" என்ற ஒரு வசனம், மதம் பற்றிய அரை மணி நேரச் சமாதானத்தைவிட அதிகம் வேலை செய்யும்.

அங்கே ஒரு காலை எப்படி இருக்கும் என்று சொல்கிறேன், அவருக்கும் சொல்லுங்கள். தெரியாத இடம் என்பதாலேயே பாதிப் பயம். கதவு திறப்பதற்கு முன்பே வெளியே ஒரு வரிசை நிற்கும். உள்ளே போனதும் வாசலில் ஒருவர் பெயரைக் கேட்டு எழுதிக்கொள்வார். குளியலுக்குத் தனியாக ஒரு பட்டியல் இருக்கும், பெயர் கொடுத்தால் முறை வரும்போது கூப்பிட்டு ஒரு துவாயும் சவர்க்காரமும் தருவார்கள். உடுப்புத் தோய்க்கும் மெஷினுக்கும் அப்படித்தான், முதலே நேரம் எடுத்து வைக்க வேண்டும். சுவர் ஓரத்து பிளக்குகளைச் சுற்றித்தான் எப்போதும் கூட்டம். போனுக்குச் சார்ஜ் ஏற்றுவதற்காக மட்டுமே வருகிற ஆட்கள் உண்டு. உடுப்பு அலுமாரியில் கோட்டும் ஜீன்சும் மலிந்து கிடக்கும், காலுறையும் உள்ளாடையும் எப்போதும் தட்டுப்பாடு. பல இடங்களில் குறிப்பிட்ட நாட்களில் ஒரு நர்ஸ் வருவார். சில இடங்களில் கால் பார்க்கிறவரும் வருவார். காலணியைக் கழற்றாமல் நாள்கணக்கில் இருப்பவர்களின் கால்களைப் பார்த்தால் அது ஏன் என்று புரியும்.

சத்தமும் இருக்கும். ஒருவர் தனக்குத்தானே கதைத்துக்கொண்டிருப்பார், இன்னொருவர் வரிசையில் யாரோடாவது கொளுவிக்கொண்டிருப்பார். முதல் நாள் உங்கள் மைத்துனர் ஒரு மூலையில் உட்கார்ந்து தேத்தண்ணியைக் குடித்துவிட்டு எழும்பி வந்துவிடலாம். "நான் அவர்களைப் போல இல்லை" என்பார். வரட்டும். அடுத்த முறை குளிப்பார், அதற்கடுத்த முறை ஒருவரோடு கதைப்பார். அந்த ஒருவர்தான் முக்கியம். 'கீ வேர்க்கர்' என்றோ 'கேஸ் வேர்க்கர்' என்றோ சொல்வார்கள். தொண்டர்கள் தேத்தண்ணி ஊற்றுவார்கள், சம்பளத்துக்கு இருக்கும் இந்த ஊழியர் படிவங்களைப் பார்ப்பார். நேற்றிரவு எங்கே தூங்கினீர்கள், வருத்தம் ஏதும் உண்டா, மருந்து எடுக்கிறீர்களா, என்ன விசா, கடன் உண்டா என்று கேட்பார். வேறு யாரோடு இதைப் பகிரலாம் என்று ஒரு சம்மதப் படிவமும் தருவார். அதில் உங்கள் பெயரை எழுதுவதா விடுவதா என்பது அவருடைய இஷ்டம். எழுதாவிட்டால், நீங்கள் போன் எடுத்துக் கேட்டாலும் அவர் வந்தாரா இல்லையா என்றுகூடச் சொல்ல மாட்டார்கள். அதற்குக் கோபிக்க வேண்டாம். அதே கட்டுப்பாடுதான் அவருடைய விஷயம் வேறு ஆட்களுக்கும் போகாமல் காக்கிறது.

போவதற்கு முன் ஒரு தடவை போன் எடுத்து நேரத்தைக் கேளுங்கள். பெரிய நிலையங்கள் கிழமையில் பல நாட்கள் திறந்திருக்கும். சின்ன சர்ச் மண்டபங்கள் இரண்டு மூன்று காலைகளில் மட்டும், அதுவும் மதியத்தோடு மூடிவிடும். சில இடங்கள் வேறொரு அமைப்பின் பரிந்துரை இருந்தால்தான் சேர்ப்பார்கள். அதிகாலையிலேயே போய்ப் பூட்டிய கதவைப் பார்த்துத் திரும்பினால், மறுபடி அவரைக் கிளப்புவது கஷ்டம்.

இனி விசா. நிரந்தர வதிவிடம் உள்ளவர் பகல் நிலையத்துக்குப் போவதாலோ, யூனிவேர்சல் கிரெடிட் என்ற அரச உதவிக் காசு எடுப்பதாலோ, கவுன்சிலில் வீடு கேட்பதாலோ அந்த வதிவிடம் போகாது. அவருக்கு அரச உதவி எடுக்கும் உரிமை முழுதாக இருக்கிறது. இப்படியான நிலையங்கள் குடிவரவுத் துறையின் கிளை இல்லை. விசா பற்றி அவர்கள் கேட்பது, எந்தெந்த உதவிக்கு இவருக்கு உரிமை உண்டு என்று கணக்குப் பார்ப்பதற்கு.

ஆனால் ஒன்றைச் சரிபார்க்க வேண்டும். வதிவிட அட்டைகள் 2024 டிசம்பர் 31ஓடு காலாவதியாகிவிட்டன, இப்போது எல்லாம் ஒன்லைனில், ஈ-விசா. அட்டை காலாவதியானாலும் நிரந்தர வதிவிடம் காலாவதியாவதில்லை. என்றாலும் கவுன்சிலிலும் ஜொப் சென்டரிலும் அதை நிரூபிக்க ஈ-விசா கணக்கு வேண்டும், அந்தக் கணக்குக்கு ஒரு ஈமெயிலும் போனும் வேண்டும். காரில் வாழும் மனிதருக்கு இது மலை ஏறுவது மாதிரி. நிலையத்து ஊழியர் கணினி முன்னால் கூட உட்கார்ந்து செய்துகொடுப்பார். அப்படியே அகதி அந்தஸ்துக் கடிதம், பழைய அட்டை, தேசியக் காப்புறுதி இலக்கம் எல்லாவற்றையும் ஸ்கான் பண்ணி வைக்கச் சொல்லுங்கள். அந்தக் காகிதங்கள் எல்லாம் இப்போது காரின் டிக்கிக்குள் ஒரு பையில் கிடக்கும் என்று நினைக்கிறேன். வரி கட்டாத காரை ஒருநாள் இழுத்துக்கொண்டு போய்விட்டால் பையும் சேர்ந்து போய்விடும்.

குடிவரவு விஷயத்தில் உண்மையான ஆபத்து வேறு இடத்தில் இருக்கிறது. குடித்துவிட்டுக் காருக்குள் தூங்குவது. இங்கே வண்டி ஓட்டாவிட்டாலும், வெறியில் இருக்கும்போது கார் அவர் பொறுப்பில் இருந்தால், அதற்கென்றே தனிக் குற்றம் இருக்கிறது. சாவி சட்டைப் பையில், ஆள் டிரைவர் சீற்றில், பொலிஸ் வந்து கண்ணாடியில் தட்டினால் விளக்கம் சொல்லித் தப்புவது சுலபம் இல்லை. ஓட்டும் எண்ணம் எனக்கு இருக்கவில்லை என்று வாதாடலாம், அதை நிரூபிக்க வேண்டியவர் அவர்தான். அப்படி ஒரு தண்டனை பதிவானால் நாளைக்கு பிரிட்டிஷ் குடியுரிமைக்குப் போடும்போது அது முன்னால் வந்து நிற்கும். சர்ச்சுக்குப் போவதை நினைத்துப் பயப்படும் நேரத்தில் இதை அவருக்கு விளங்கப்படுத்துங்கள்.

குடியைப் பற்றி இன்னொன்று. "நாளையில் இருந்து ஒரு சொட்டும் தொடக் கூடாது, அப்போதுதான் உதவி" என்று யாரும் அவரிடம் நிபந்தனை வைக்க வேண்டாம். தினமும் நிறையக் குடிக்கிறவர் திடீரென்று நிறுத்தினால் வலிப்பு வரலாம், உயிருக்கே ஆபத்தாகலாம். ஜிபியிடம் (குடும்ப வைத்தியரிடம்) கதைத்துப் படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும். ஜிபியிடம் பதிய வீட்டு முகவரியோ அடையாள அட்டையோ தேவையில்லை. வரவேற்பில் இருப்பவர் முகவரி இல்லாமல் முடியாது என்று சொன்னால் அது பிழை. பகல் நிலையத்தின் முகவரியைக் கொடுத்தும் பதியலாம். பகல் நிலையத்துக்கு உள்ளே குடிக்க விடமாட்டார்கள், முதல்நாள் குடித்த மணத்தோடு வந்தார் என்பதற்காகப் பொதுவாகத் திருப்பி அனுப்பவும் மாட்டார்கள், சண்டைக்குப் போகாத வரைக்கும்.

கவுன்சில் விஷயத்துக்கு வருவோம். இதில்தான் நம் குடும்பங்கள் வருடக்கணக்கில் இழக்கின்றன. உங்கள் சோபாவில் படுத்திருந்தபோதே அவர் சட்டப்படி வீடில்லாதவராக இருந்திருக்கலாம். வீடில்லாதவர் என்றால் தெருவில் படுத்தால்தான் என்று பலர் நினைக்கிறார்கள். 1996ஆம் ஆண்டு வீட்டுவசதிச் சட்டம் பார்ப்பது, இருக்க உரிமையுள்ள ஒரு இடம் அவருக்கு இருக்கிறதா என்பதை. வீட்டுக்காரர் வெளியே போ என்று சொல்லிவிட்டால் அந்த உரிமை போய்விடுகிறது. கார் வீடு ஆகாது. 2018 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த புதிய சட்டப்படி, தனி ஆளாக இருந்தாலும் கவுன்சில் அவருடைய நிலையைக் கேட்டு, ஒரு திட்டம் எழுதிக் கொடுத்து, 56 நாள் அவருக்கு இடம் தேட உதவ வேண்டும். பிள்ளைகள் இல்லாத ஆம்பிளை என்று வாசலிலேயே திருப்பி அனுப்ப முடியாது.

ஆனால் அந்த உதவி ஒரு அறையாகவே கையில் வர வேண்டுமானால், 'முன்னுரிமைத் தேவை' என்ற வகைக்குள் அவர் வர வேண்டும். பிள்ளைகள் உள்ள குடும்பம், கர்ப்பிணிகள் இவர்களுக்கு அது தானாகக் கிடைக்கும். தனி ஆளுக்கு, உடல்நலத்தாலோ மனநலத்தாலோ அவர் பலவீனமான நிலையில் இருக்கிறார் என்று காட்ட வேண்டும். ஒரு சாதாரண மனிதர் வீடிழந்தால் படும் கஷ்டத்தைவிட இவர் படும் கஷ்டம் கணிசமாகக் கூடுமா என்பதுதான் அளவுகோல். 2015இல் ஹோட்டாக் வழக்கில் உச்ச நீதிமன்றம் அதைத் தெளிவாக்கியது. அதற்கு முன் கவுன்சில்கள், வழக்கமாகத் தெருவில் இருப்பவர்களோடு ஒப்பிட்டு "இவர் அவ்வளவு மோசம் இல்லை" என்று தட்டிக்கழிப்பதுண்டு.

போர் முடிந்த கையோடு வந்து அகதி அந்தஸ்து பெற்றவர் என்று எழுதியிருக்கிறீர்கள். அவர் என்னத்தைப் பார்த்தார், அவருக்கு என்ன நடந்தது என்று நான் கேட்கவில்லை. உங்களுக்கும் தெரியாமல் இருக்கலாம். ஆனால் இரவில் கத்தி எழும்புகிறாரா, கதவுக்கு முதுகைக் காட்டி உட்கார மாட்டாரா, சீருடைக்காரரைக் கண்டால் நடுங்குகிறாரா, குடி தூக்கத்துக்காகத் தொடங்கியதா என்பதெல்லாம் இந்த இடத்தில் முக்கியம். இதை ஒரு ஜிபியோ நர்ஸோ எழுத்தில் தந்தால், அவருடைய விண்ணப்பம் வேறு கதையாகிவிடும். நம் ஆட்கள் கவுன்சில் அதிகாரி முன்னால் உட்கார்ந்து "நான் நல்லா இருக்கிறேன், ஒரு ரூம் மட்டும் போதும்" என்று மரியாதையாகச் சொல்லிவிட்டு வருவார்கள். அதிகாரி "நல்லா இருக்கிறார்" என்று எழுதிக்கொள்வார். அடுத்த கிழமை மறுப்புக் கடிதம் வரும். இந்த ஒரு காரணத்துக்காகவே நிலையத்து ஊழியரையும் கூட்டிக்கொண்டு போவது நல்லது. சித்திரவதைக்கு உள்ளானவர் என்றால் 'பிரீடம் ஃபுரொம் டோர்ச்சர்' என்ற அமைப்பு இருக்கிறது. நம் ஆட்கள் பலர் அங்கே சிகிச்சை பெற்றிருக்கிறார்கள். ஊழியரோ ஜிபியோ அங்கே எழுதலாம்.

மொழிபெயர்ப்புக்கு உங்கள் பிள்ளைகளை அனுப்ப வேண்டாம். பிள்ளைகள் முன்னால் சித்தப்பா வாய் திறக்க மாட்டார். கவுன்சிலிடம் தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று கேளுங்கள், போனில் ஒருவரை இணைப்பார்கள்.

முன்னுரிமை இருக்கலாம் என்று நம்பக் காரணம் இருந்தால், முழு விசாரணை முடியும் முன்பே தற்காலிக இடம் தரவேண்டியது கவுன்சிலின் கடமை. அதனால் போகும் அன்றே "இன்று இரவுக்கு இடம் வேண்டும்" என்று அவர் வாய் திறந்து கேட்க வேண்டும். மறுத்தால் எழுத்தில் தரச் சொல்லுங்கள். முன்னுரிமை இல்லை என்பது போன்ற முடிவுக் கடிதம் வந்தால் 21 நாளுக்குள் மீளாய்வு கேட்கலாம். அந்த நேரத்தில் ஒரு வீட்டுச் சட்ட லோயரையோ வீட்டுப் பிரச்சினைகளில் உதவும் ஷெல்டர் அமைப்பையோ பிடிக்க வேண்டும்.

இதெல்லாம் நடக்கும்வரை அவர் எங்கே படுப்பது? 'ஸ்ட்ரீட்லிங்க்' என்ற இணையதளம் இருக்கிறது. கார் நிற்கும் தெரு, காரின் நிறம், எத்தனை மணிக்கு அங்கே வந்து படுப்பார் என்று நீங்களே பதியலாம். இரவிலோ விடியப்புறத்திலோ ஒரு குழு தேடி வரும். லண்டனில் அப்படி நேரில் பார்த்துப் பதிவானவர்களுக்கு மட்டும் திறக்கும் சில இடங்கள் உண்டு. அதனால் ஆள் தேடி வருவார்கள் என்று முதலே அவரிடம் சொல்லி வையுங்கள், பொலிஸ் என்று நினைத்து இடம் மாறிவிடப் போகிறார். பூச்சியத்துக்குக் கீழே குளிர் போகும் என்று முன்னறிவிப்பு வரும் இரவுகளில் கவுன்சில்கள் வழக்கத்துக்கு மேலதிகமாக அவசர இடங்களைத் திறக்கும். அன்று அவரை நிலையத்துக்கு அனுப்பிக் கேட்கச் சொல்லுங்கள். குளிர்காலத்தில் சர்ச்சுகள் சேர்ந்து முறைவைத்து இரவு விடுதிகளும் நடத்துகின்றன. அதற்கும் பரிந்துரை எழுதுவது இதே ஊழியர்தான்.

காசு விஷயம் சுருக்கமாக. யூனிவேர்சல் கிரெடிட்டுக்கு நிலையத்தின் முகவரியைக் கொடுத்து விண்ணப்பிக்கலாம். முதல் காசு வர ஐந்து கிழமை எடுக்கும், முன்பணம் கேட்டால் தருவார்கள், பிறகு மாதாமாதம் கழிப்பார்கள். 35 வயது தாண்டியவர் என்பதால், தனியார் வீட்டுக்கு வாடகை உதவி பகிர்ந்து வாழும் அறைக்கான அளவோடு நிற்காது, தனியான ஒரு அறை வீட்டுக்கான அளவுவரை கேட்கலாம். லண்டனில் அந்த அளவுக்குள் வீடு தேடுவது வேறு கதை. வங்கிக் கணக்கு மூடிப்போயிருந்தால், வீட்டு முகவரி இல்லாதவர்களுக்கு ஒரு தொண்டு அமைப்பு வழியாகக் கணக்குத் திறக்கும் ஏற்பாடு எச்எஸ்பிசியில் இருக்கிறது.

கடைசியாக உங்கள் கணவர். அவருக்குத் தெரியாமல் செய்ய வேண்டாம் என்பதுதான் என் எண்ணம். மைத்துனரை வீட்டுக்குத் திரும்ப எடுங்கள் என்று நான் சொல்லப் போவதில்லை. வளர்ந்த ஒரு மனிதர் ஏழு மாதம் சோபாவில் படுத்திருக்கும் வீட்டில் பிள்ளைகளோடு வாழ்வது என்ன என்று எனக்குத் தெரியும். உங்கள் கணவரிடம் மன்னிப்பும் சமாதானமும் இப்போது கேட்காமல், ஒரு கடிதம் மட்டும் கேளுங்கள். அவருடைய கோபத்தோடேயே அதை எழுதலாம்.

தன் முழுப் பெயர், முகவரி. தம்பியின் பெயர், பிறந்த திகதி. எந்தத் திகதியில் இருந்து எந்தத் திகதிவரை தற்காலிகமாகத் தங்க விட்டேன். எந்த நாள் வெளியேறச் சொன்னேன். இனிமேல் இங்கே தங்க வைக்க முடியாது, காரணம் இது. நான் இந்தப் பரோவில் (கவுன்சில் பகுதியில்) இத்தனையாம் ஆண்டில் இருந்து வசிக்கிறேன். இவ்வளவும் போதும், எல்லாம் உண்மையாக இருக்க வேண்டும். சண்டை பற்றி எழுதும்போது கூட்டவும் வேண்டாம், குறைக்கவும் வேண்டாம். தானாக வீட்டை விட்டுப் போனார் என்று கவுன்சில் சொல்லாமல் இருக்க இந்தக் கடிதம் உதவும். கடைசி வரிக்கும் காரணம் இருக்கிறது. கூடப் பிறந்தவர் ஐந்து வருடத்துக்கு மேல் ஒரு பரோவில் வசித்தால், அந்தப் பரோவோடு தம்பிக்கும் தொடர்பு உண்டு என்று கவுன்சில்கள் பொதுவாக ஏற்கின்றன. கடை இருந்த பரோவுக்குப் போ என்று அவரை அலையவிட முடியாது.

கடிதத்தை உங்கள் மைத்துனரிடம் ஒரு பிரதி, நிலையத்து ஊழியருக்கு ஈமெயிலில் ஒரு பிரதி என்று கொடுத்துவிடுங்கள். பிறகு கவுன்சில் அதிகாரி உங்கள் கணவருக்குப் போன் எடுத்து, இது உண்மையா, ஒரு மாதமாவது வைத்திருக்க முடியாதா என்று கேட்பார். பெரும்பாலும் நம்பர் காட்டாத பிரைவேட் கோல் ஆகத்தான் வரும். அந்தக் கிழமை முழுக்க அப்படி வருகிற எந்தக் கோலையும் வெட்டாமல் எடுக்கச் சொல்லி வையுங்கள். வைத்திருக்க முடியாது என்றால் முடியாது என்று தெளிவாகச் சொல்ல வேண்டும். அந்த நேரத்தில் தம்பி மேல் இரக்கப்பட்டு "சரி, பார்ப்போம்" என்று அவர் சொல்லிவிட்டால், அதிகாரி அதைத்தான் எழுதிக்கொள்வார்.